ஊரைவிட்டு விரட்டும் புனிதர்

ஃபமகுஸ்தாவில் ஒருவருக்குத் தீராத பகை இருந்தால், அதற்கு ஒரு வழி உண்டு என்று அந்த ஊர்க்காரர்கள் வெகுகாலம் நம்பினார்கள். கோட்டைக்குள் மேற்குப் பக்கமாக இருக்கும் புனித ஜார்ஜ் தேவாலயத்துக்குப் போக வேண்டும். தரையிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து, எதிரியின் வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் தூவிவிட வேண்டும். ஓராண்டுக்குள் அவர் இறந்துபோவார். இல்லையென்றால் தீவைவிட்டே போய்விடுவார். அதனாலேயே இந்தப் புனிதருக்கு ‘எக்ஸோரினோஸ்’ என்ற அடைமொழி. கிரேக்கத்தில் அதன் பொருள், நாடுகடத்துகிறவர்.

இப்படி ஒரு நம்பிக்கை பிறப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. சைப்ரஸ் தீவின் கிழக்குக் கரையில், மதில் சூழ நிற்கும் இந்தத் துறைமுக நகரத்தின் எழுநூறு ஆண்டு வரலாற்றைப் புரட்டினால், யார் குடியேறினார்கள் என்பதோடு யார் வெளியேற்றப்பட்டார்கள் என்பதும் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. ஊர் வளர்ந்ததே அகதிகளால். பிறகு அதே ஊர் அகதிகளை உண்டாக்கியது.

கிரேக்க மொழியில் இந்த ஊருக்கு அம்மோகோஸ்தோஸ் என்று பெயர். ‘மணலில் மறைந்தது’ என்று பொருள் சொல்வார்கள். துருக்கி மொழி பேசுபவர்களுக்கு இது மாவுசா; 1974-க்குப் பிறகு போர்வீரரைக் குறிக்கும் ‘காஸி’ என்ற பட்டத்தை முன்னால் சேர்த்துக் காஸிமாவுசா ஆக்கினார்கள். வடக்கே சில கிலோமீட்டர் தள்ளி சலாமிஸ் என்ற பழம்பெரும் நகரத்தின் இடிபாடுகள் கிடக்கின்றன. சலாமிஸ் வாழ்ந்த காலத்தில் ஃபமகுஸ்தா பெயர் சொல்லும்படியான ஊராக இல்லை. 1191-இல் இங்கிலாந்து அரசர் ரிச்சர்ட் சிலுவைப் போருக்குப் போகிற வழியில் சைப்ரஸைப் பிடித்து, டெம்ப்ளர் வீரத் துறவிகளுக்கு விற்றார். அவர்களால் ஆள முடியவில்லை. அடுத்த ஆண்டே தீவு பிரெஞ்சு லூசிஞான் வம்சத்தின் கைக்குப் போனது. அப்போதும் இது சிறு துறைமுகம்தான்.

எல்லாவற்றையும் மாற்றியது 1291 மே 18. பாலஸ்தீனக் கரையில் சிலுவைப் போராளிகளின் கடைசிப் பெருநகரமான அக்கோ, எகிப்தின் மம்லூக் சுல்தானிடம் அன்று வீழ்ந்தது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் எதிரே இருந்த சைப்ரஸுக்குத் தப்பினார்கள். பிரபுக்கள், வணிகர்கள், துறவிகள், சிரியக் கிறிஸ்தவர்கள், கைவினைஞர்கள் என்று எல்லாரும் ஃபமகுஸ்தாவில் கரையேறினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு நகரத்தின் வாழ்க்கையே பெயர்ந்து இங்கே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

துயரத்தோடு வந்தவர்களுக்குப் பணமும் சேர்ந்தது. அக்கோவின் வீழ்ச்சிக்குப் பதிலடியாக, எகிப்தோடு கிறிஸ்தவர்கள் வணிகம் செய்யக் கூடாது என்று போப்பாண்டவர் தடை விதித்தார். ஐரோப்பியக் கப்பல்கள் அலெக்சாந்திரியாவுக்கு வெளிப்படையாகப் போக முடியவில்லை. ஆனால் ஐரோப்பாவின் சமையலறைகளுக்கு மிளகு வேண்டும். பிரபுக்களுக்குப் பட்டு வேண்டும். சிரியக் கரையிலிருந்து உள்ளூர்க் கிறிஸ்தவ வணிகர்கள் சிறு படகுகளில் சரக்கை ஃபமகுஸ்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து ஜெனோவா, வெனிஸ், பார்சலோனாக் கப்பல்கள் எடுத்துச் சென்றன. மலபார்க் கரையில் விளைந்த மிளகு அரபிக் கடலையும் பாலைவனத்தையும் தாண்டி வந்து எடை போடப்பட்ட கடைசிக் கிழக்குத் துறைகளுள் ஒன்று இது.

அந்தக் காலத்து ஃபமகுஸ்தாவை இன்றைக்கும் நெருங்கிப் பார்க்க உதவுகிறவர் அரசரோ கவிஞரோ அல்லர். லம்பெர்த்தோ தி சம்புசெத்தோ என்ற ஜெனோவாப் பத்திர எழுத்தர். 1296 முதல் 1307 வரை அவர் இந்த ஊரில் எழுதிய பத்திரங்களின் பதிவேடுகள் ஜெனோவா ஆவணக் காப்பகத்தில் பிழைத்துக் கிடக்கின்றன. கடன் பத்திரம், கப்பல் வாடகை, உயில், அடிமை விற்பனை, வீட்டுக் குத்தகை, பங்காளிகளுக்குள் கணக்குத் தீர்ப்பு என்று ஒரு துறைமுகத்தின் அன்றாடம் முழுக்க அதில் இருக்கிறது. கையெழுத்திட வந்தவர்களில் எத்தனையோ பேர் தங்கள் சொந்த ஊராக அக்கோவையும் திரிப்போலியையும் சொல்கிறார்கள். இல்லாமல்போன ஊர்களின் பெயர்களைத் தங்கள் பெயரோடு சுமந்து திரிந்தவர்கள் அவர்கள்.

1320-களில் ஃபிளாரன்ஸின் பார்தி வங்கி நிறுவனத்துக்காக இங்கே வேலை பார்த்த பெகோலோத்தி, வணிகர்களுக்கான தம் கையேட்டில் ஃபமகுஸ்தாவின் எடைகளுக்கும் அளவைகளுக்கும் பல பக்கங்களை ஒதுக்கினார். அடுத்த பத்தாண்டில் கிழக்கே பயணம் செய்த லுடால்ஃப் என்ற ஜெர்மானியப் பாதிரியார் ஊரின் செல்வத்தைக் கண்டு திகைத்தே போனார். ஒரு வணிகர் தம் மகளுக்கு நிச்சயதார்த்தத்தில் போட்ட நகைகள் பிரான்ஸ் அரசியின் நகைகளைவிட விலை உயர்ந்தவை என்று தம்மோடு வந்த பிரெஞ்சு வீரர்கள் சொன்னதை அவர் எழுதி வைத்திருக்கிறார். சைப்ரஸின் வரலாற்றாசிரியர் மகைராஸ் சொல்லும் லக்காஸ் சகோதரர்களின் கதையும் இதே ஊரைச் சேர்ந்தது. நெஸ்தோரியக் கிறிஸ்தவர்களான அந்த அண்ணன் தம்பி, அரசரை விருந்துக்கு அழைத்தபோது அடுப்பில் விறகுக்குப் பதில் அகில் கட்டையை எரித்தார்களாம். கதையில் மிகை இருக்கலாம். ஆனால் அப்படி ஒரு மிகையை நம்பும்படி ஊர் இருந்தது. மண் எடுக்கப் போவார்களே, அந்த எக்ஸோரினோஸ் தேவாலயம், இந்தச் சகோதரர்கள் கட்டிய நெஸ்தோரியக் கோயில்தான் என்று வெகுகாலமாகச் சொல்லப்படுகிறது.

பணம் கல்லானது. ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 365 தேவாலயங்கள் இருந்தன என்பது ஊர்க்கதை. எண்ணிக்கையை நம்ப வேண்டியதில்லை. மதிலுக்குள் ஒரு மணி நேரம் நடந்தாலே அந்தக் கதை ஏன் வந்தது என்று புரிந்துவிடும். லத்தீன், கிரேக்க, அர்மேனிய, நெஸ்தோரியக் கோயில்கள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. பேதுரு பவுல் தேவாலயத்தை ஒரே ஒரு சிரியப் பயணத்தின் லாபத்தில் சிமோனே நோஸ்த்ரானோ என்ற வணிகர் கட்டினார் என்பார்கள். பின்னாளில் அது மசூதியானது. பிரிட்டிஷ் காலத்தில் தானியக் கிடங்கானது. கோதுமை மசூதி என்ற பெயர் அதனால் ஒட்டிக்கொண்டது.

எல்லாவற்றுக்கும் தலையாயது புனித நிக்கோலஸ் பேராலயம். அதன் முகப்பைப் பார்க்கிறவர்களுக்கு பிரான்ஸின் ரீம்ஸ் பேராலயம் நினைவுக்கு வரும். 1300-ஐ ஒட்டித் தொடங்கிய வேலை எளிதாக நடக்கவில்லை. கட்டிடத்தின் தென்புறத்தில் 1311-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பணத் தட்டுப்பாட்டையும், ஆயர் வேலையை மீண்டும் தொடங்கியதையும் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறது. 1328-இல் கோயில் அர்ப்பணிக்கப்பட்டது. லூசிஞான் அரசர்கள் தலைநகர் நிக்கோசியாவில் சைப்ரஸின் அரசராக முடிசூட்டிக்கொண்டு, பிறகு இங்கே வந்து ஜெருசலேமின் அரசராக இன்னொரு முறை முடிசூட்டிக்கொள்வார்கள். ஜெருசலேம் அவர்கள் கையைவிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆகியிருந்தது. ஆனாலும் அந்தக் கரைக்கு மிக அருகே இருக்கும் நகரத்தில் நின்று, இழந்த நாட்டின் கிரீடத்தைத் தலையில் வைத்துக்கொண்டார்கள். புலம்பெயர்ந்தவர்களின் ஊரில் அரசரும் ஒரு வகையில் புலம்பெயர்ந்தவர்தான்.

அப்படி நடந்த ஒரு முடிசூட்டு விழாதான் ஊரின் கேட்டுக்கும் தொடக்கமானது. 1372 அக்டோபரில் இளம் அரசர் இரண்டாம் பீட்டர் பேராலயத்திலிருந்து வெளியே வந்து குதிரை ஏறினார். வழக்கப்படி குதிரையின் ஒரு பக்கக் கடிவாளத்தை வெனிஸின் பிரதிநிதியும், மறுபக்கக் கடிவாளத்தை ஜெனோவாவின் பிரதிநிதியும் பிடித்து நடத்திச் செல்ல வேண்டும். வலப்பக்கம் யாருக்கு என்பதில் சண்டை வந்தது. தெருவில் அடக்கியது விருந்துக் கூடத்தில் வெடித்தது. ஜெனோவாக்காரர்களைச் சன்னல் வழியாகத் தூக்கி எறிந்தார்கள். அவர்களுடைய கடைகளும் வீடுகளும் சூறையாடப்பட்டன. அடுத்த ஆண்டு ஜெனோவாவிலிருந்து போர்க்கப்பல்கள் வந்தன. ஊர் பிடிபட்டது. பிறகு 1464 வரை, தொண்ணூறு ஆண்டுகள், சைப்ரஸ் அரசரின் முதன்மைத் துறைமுகம் அவர் கையில் இல்லை. கடிவாளம் ஒரு சாக்குதான். மிளகிலும் பட்டிலும் யாருக்கு முதலிடம் என்ற நெடுநாள் போட்டி அன்று குதிரையின் பக்கத்தில் வந்து நின்றது.

தீவின் வெளிநாட்டு வணிகம் ஃபமகுஸ்தா வழியாகவே நடக்க வேண்டும் என்று ஜெனோவா கட்டாயப்படுத்தியது. அப்படியும் ஊர் தேறவில்லை. போப்பாண்டவரின் தடை ஏற்கெனவே தளர்ந்து கப்பல்கள் நேராக அலெக்சாந்திரியாவுக்குப் போகத் தொடங்கியிருந்தன; 1348-ஐ ஒட்டி வந்த கொள்ளைநோயும் தீவை வாட்டியிருந்தது. 1394-இல் புனிதப் பயணமாக இவ்வழி வந்த நிக்கோலா தெ மார்த்தோனி என்ற இத்தாலிய எழுத்தர், ஊரில் மூன்றில் ஒரு பங்கு ஆளின்றிக் கிடப்பதைக் கண்டார். அவர் குறித்து வைத்த இன்னொரு செய்தி மனத்தை விட்டு நீங்காதது. பெண்கள் தலை முதல் கால் வரை கறுப்பு உடுத்தி, கண் மட்டும் தெரியும்படி வெளியே வந்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, அக்கோவை இழந்த துக்கம் என்று பதில் வந்தது. அக்கோ வீழ்ந்து அப்போது நூறு ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அந்த ஊரைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் உயிரோடு இல்லை. கொள்ளுப்பாட்டியின் துக்கத்தைக் கொள்ளுப்பேத்தி உடுத்திக்கொண்டு நடந்தாள்.

ஜெனோவாக்காரர்களை 1464-இல் அரசர் இரண்டாம் ஜேம்ஸ் வெளியேற்றினார். அவர் மணந்துகொண்டது வெனிஸ் பிரபுக் குடும்பத்துப் பெண்ணான காத்தரீனா கொர்னாரோவை. 1473-இல் கணவர் இறந்தார். அடுத்த ஆண்டு கைக்குழந்தையான அரசகுமாரனும் போனான். ‘குடியரசின் மகள்’ என்று அவளைக் கொண்டாடிய வெனிஸ், 1489-இல் அவளிடமிருந்தே தீவை எழுதி வாங்கிக்கொண்டது. ஃபமகுஸ்தாவில் வெனிஸின் சிங்கக் கொடி ஏறியது; அரசி இத்தாலியில் அஸோலோ என்ற சிற்றூருக்குப் போனாள். வெளியேற்றப்பட்டவர்கள் பட்டியலில் ஓர் அரசியும் உண்டு.

இன்றைக்குப் பார்க்கும் மதில் பெரும்பாலும் வெனிஸ் கட்டியது. இந்த ஊருக்கு வருகிறவர் முதலில் அதன் மேல் ஏறி ஒரு சுற்று நடப்பது நல்லது. சுற்றளவு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். உயரம் சில இடங்களில் பதினைந்து மீட்டர். கனம் எட்டு மீட்டர் வரை. வில்லும் ஏணியும் போய்ப் பீரங்கி வந்துவிட்ட காலம் அது. அதனால் பழைய உயரமான சதுரக் கோபுரங்களின் இடத்தில், குண்டு பட்டால் வழுக்கிப் போகும்படி தாழ்ந்து அகன்ற வட்டக் கொத்தளங்கள் வந்தன. பாறையைக் குடைந்து அகழி வெட்டினார்கள். கடல் வாசலின் மேல் 1496 என்று ஆண்டு பொறித்தார்கள். வடமேற்கு மூலையில் அம்பு முனை வடிவில் நீட்டிக்கொண்டிருக்கும் மார்த்தினெங்கோ கொத்தளம் 1550-களில் வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் பகைவன் மீது இரண்டு திசைகளிலிருந்து பீரங்கி சுடலாம். அதற்குள் வண்டி போகும் அகலத்தில் சுரங்கப் பாதைகளும், வெடிமருந்துப் புகை வெளியேறக் கூரையில் துளைகளும் இருக்கின்றன. அந்தக் காலத்துக் கோட்டைக் கலையின் உச்சங்களில் ஒன்று என்று தயங்காமல் சொல்லலாம்.

துறைமுகத்தை ஒட்டிய உள்கோட்டை வாசலில் 1492 என்ற ஆண்டோடு சிறகு முளைத்த சிங்கம் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’ நாடகத்தின் பெரும்பகுதி சைப்ரஸின் ஒரு துறைமுகத்தில் நடக்கிறது. நாடகத்தில் ஊரின் பெயர் இல்லை. ஆனாலும் பிரிட்டிஷ்காரர்கள் இந்த உள்கோட்டைக்கு ஒதெல்லோ கோபுரம் என்று பெயரிட்டார்கள். பெயர் நிலைத்துவிட்டது. கற்பனைத் துயரத்தைத் தேடிவரும் பயணிகளிடம், இதே மதிலில் நடந்த உண்மைத் துயரத்தையும் யாராவது சொல்ல வேண்டும்.

1570-இல் ஒட்டோமான் படை சைப்ரஸில் இறங்கியது. செப்டம்பர் 9 அன்று நிக்கோசியா வீழ்ந்தது. அதன் ஆளுநரின் வெட்டிய தலை ஃபமகுஸ்தாவுக்கு எச்சரிக்கையாக அனுப்பப்பட்டது. இந்த ஊரின் ஆளுநர் மார்க்கந்தோனியோ பிரகாதினும் படைத் தலைவர் அஸ்தோரே பாலியோனியும் சரணடைய மறுத்தார்கள். உள்ளே போரிடக்கூடியவர்கள் எட்டாயிரம் பேர் அளவில். வெளியே லாலா முஸ்தபா பாஷாவின் படை அதைப்போலப் பல மடங்கு. 1571 ஜனவரியில் மார்க்கந்தோனியோ குவெரீனி கப்பல்களில் கொஞ்சம் ஆட்களையும் உணவையும் கொண்டுவந்து சேர்த்தார். வந்த உதவி அவ்வளவுதான்.

வெளியே பள்ளம் தோண்டுகிறவர்கள் வேலையைத் தொடங்கினார்கள். குதிரையில் போகிறவனின் ஈட்டி முனை மட்டும் மேலே தெரியும் ஆழத்துக்குப் பதுங்கு பள்ளங்கள் வளைந்து வளைந்து மதிலை நெருங்கின. அகழியைக் கடந்து மதிலுக்கு அடியில் குடைந்து வெடிமருந்து வைத்தார்கள். ஜூன் 21 அன்று தென்கிழக்கு மூலைக் கோபுரம் வெடித்துச் சரிந்தது. ஜூலை 9 அன்று நிலவாசல் முன்னரணுக்குள் ஒட்டோமான் வீரர்கள் புகுந்தபோது, உள்ளே இருந்தவர்கள் தாங்களே வைத்திருந்த வெடியைக் கொளுத்தினார்கள்; அதில் தங்கள் ஆட்களும் மாண்டார்கள். ஊருக்குள் குதிரையும் கழுதையும் தின்று தீர்ந்து பூனைக்கு வந்தார்கள். வெனிஸிலிருந்து கப்பல் வருகிறதா என்று கடலைப் பார்த்துப் பார்த்துக் களைத்த மக்கள், சரணடையும்படி ஆளுநரிடம் மன்றாடினார்கள். பதினோரு மாதம் ஆகப்போகிற நேரத்தில், ஆகஸ்ட் 1 அன்று வெள்ளைக் கொடி ஏறியது.

உடன்படிக்கை தாராளமானது. படையினர் கப்பலேறிக் கிரீட்டுக்குப் போகலாம். ஊர்மக்கள் தங்கள் உடைமையோடு இருக்கலாம். ஆகஸ்ட் 5 அன்று பிரகாதின் சாவியைக் கொடுக்கப் பாஷாவின் கூடாரத்துக்குப் போனார். அங்கே பேச்சு முற்றியது. கொடுக்கும் கப்பல்களுக்குப் பிணையாக ஆள் வேண்டும் என்றார் பாஷா. கோட்டைக்குள் முஸ்லிம் கைதிகளைக் கொன்றுவிட்டதாகக் குற்றம் சாட்டினார். உடன் வந்தவர்கள் அங்கேயே வெட்டப்பட்டார்கள். பிரகாதினின் காதும் மூக்கும் அறுக்கப்பட்டன. ஆகஸ்ட் 17 அன்று ஊர்ச் சதுக்கத்தில் கட்டிவைத்து, உயிரோடு அவர் தோலை உரித்தார்கள். வைக்கோல் அடைத்த அந்தத் தோல் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போனது. 1580-இல் அங்கிருந்து திருடப்பட்டு வெனிஸ் வந்தது. இன்று புனித ஜான் பவுல் தேவாலயத்தில் ஒரு தாழிக்குள் இருக்கிறது. அவர் இறந்து ஏழு வாரத்தில் லெப்பாந்தோ கடற்போரில் கிறிஸ்தவக் கப்பற்படைகள் ஒட்டோமான் கடற்படையை நொறுக்கின. ஃபமகுஸ்தாவுக்கு அது எட்டவில்லை.

பேராலயத்தின் உருவங்களை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசினார்கள். முகப்பின் ஒரு பக்கத்தில் மினாரெட் எழுப்பினார்கள். 1954 முதல் அதன் பெயர் லாலா முஸ்தபா பாஷா மசூதி. இன்றும் தொழுகை நடக்கும் இடம். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், கம்பளத்துக்கு மேலே கோதிக் தூண்களும் வளைவுகளும் வெள்ளையாக உயர்ந்து நிற்கின்றன. ஓவியக் கண்ணாடிகளும் சிலைகளும் போய்விட்டதாலேயே கட்டிடத்தின் எலும்பும் உயரமும் தெளிவாகத் தெரிகின்றன. வாசலில் ஒரு பெரிய காட்டத்தி மரம். கோயிலின் அடிக்கல் நாட்டியபோது நட்டது என்று சொல்கிறார்கள். அது உண்மையானால், இங்கே சொல்லப்பட்ட அத்தனையையும் பார்த்த உயிர் அது ஒன்றுதான்.

முற்றுகையைவிட, அதற்கடுத்து வந்த ஒரு முடிவுதான் ஊரின் பிற்கால விதியை எழுதியது. கிறிஸ்தவர்கள் மதிலுக்குள் குடியிருக்கக் கூடாது என்றார்கள். கிரேக்கர்கள் தெற்கே, கடற்கரையை ஒட்டித் தோட்டங்களுக்கு நடுவே குடியேறினார்கள். கோட்டைக்கு வெளியே வளரும் குடியிருப்பைத் தமிழில் பேட்டை என்போம். துருக்கியில் அதற்கு வரோஷ் என்று பெயர். அந்தப் பொதுச்சொல்லே அந்த இடத்தின் பெயராகி வரோஷா ஆனது. ஆரஞ்சுத் தோப்பும் குயவர் சூளையுமாகப் பேட்டை செழித்தது. கோட்டை காலியாகிக்கொண்டே வந்தது.

ஆளில்லாத கோட்டைக்கு ஒட்டோமான் அரசு ஒரு பயன் கண்டது. தலைநகரில் இருக்கக் கூடாதவர்களை இங்கே அனுப்பியது. ‘கலேபெந்த்’ என்பது அந்தத் தண்டனையின் பெயர்; கோட்டைக்குள் கட்டுண்டவர் என்று பொருள். துருக்கிய எழுத்தாளர் நாமிக் கெமால் தாய்நாட்டைப் பற்றி எழுதிய நாடகம் இஸ்தான்புல்லில் மக்களைக் கிளர்ந்தெழச் செய்ததால், 1873-இல் இங்கே கொண்டுவந்து அடைக்கப்பட்டார். பழைய வெனிஸ் அரண்மனையை ஒட்டிய அந்தச் சிறு அறை இப்போது அருங்காட்சியகம். 1876 வரை இங்கே இருந்தார், எழுதிக்கொண்டும் இருந்தார். பாரசீகத்தின் பாபி சமயத் தலைவர் சுபுஹி அஸல் 1868-இல் வந்தார். 1878-இல் ஆட்சி பிரிட்டனுக்கு மாறியது. கைதி என்ற நிலை போனது. ஆனாலும் அவர் திரும்பவில்லை. 1912-இல் இதே ஊரில் இறந்தார்.

பிரிட்டிஷ்காரர்கள் வந்த ஆண்டிலேயே ஜான் தாம்சன் என்ற புகைப்படக்காரர் தீவைச் சுற்றிப் படமெடுத்தார். அவர் படங்களில் ஃபமகுஸ்தா ஒரு கல் வயல் போலக் கிடக்கிறது. புது அரசு துறைமுகத்தை விரிவாக்கி, 1905-இல் நிக்கோசியாவுக்கு ரயில் விட்டது. 1951 கடைசியில் ரயில் நின்றது. அதன் முதல் எஞ்சின் மட்டும் ஊரில் காட்சிக்கு நிற்கிறது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, ஐரோப்பிய வதை முகாம்களில் பிழைத்துப் பாலஸ்தீனம் போக முயன்ற யூதர்களைப் பிரிட்டிஷ் கடற்படை மறித்து சைப்ரஸில் இறக்கியது. 1946 முதல் 1949 வரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஃபமகுஸ்தாவை அடுத்த கராவோலோஸிலும் தெற்கே வேறு முகாம்களிலும் முள்வேலிக்குள் இருந்தார்கள். அக்கோவிலிருந்து வந்தவர்கள் இறங்கிய அதே கரை. இவர்கள் போக ஆசைப்பட்டது எதிர்த் திசையில்.

1960-இல் சைப்ரஸ் விடுதலை பெற்றது. மூன்றே ஆண்டில் கிரேக்க, துருக்கிய இனத்தார் மோதிக்கொண்டார்கள். துருக்கியர் மதிலுக்குள் ஒடுங்கினார்கள். வெளியே வரோஷாவோ மத்தியதரைக் கடலின் பெயர்பெற்ற உல்லாசக் கடற்கரையாக உயர்ந்தது. மணலை ஒட்டி வரிசையாக ஓட்டல்கள். எலிசபெத் டெய்லர் போன்றவர்கள் வந்துபோன இடம். நான்கு நூற்றாண்டுக்கு முன் உள்ளே இருந்து விரட்டப்பட்டவர்களின் பேட்டை, கோட்டையைவிடப் பெரிய நகரமாகிவிட்டது.

1974 ஜூலை 20 அன்று, கிரேக்கத்தின் இராணுவ ஆட்சி தூண்டிய கவிழ்ப்பைக் காரணம் காட்டித் துருக்கிப் படை தீவில் இறங்கியது. சுற்று வட்டாரத் துருக்கியர் ஃபமகுஸ்தாக் கோட்டைக்குள் ஓடி வந்தார்கள். ஏறக்குறைய நான்கு வாரம் கிரேக்க சைப்ரஸ் படை வெளியே நின்று சுட்டது. பீரங்கிக்காக வெனிஸ் கட்டிய மதில் அறைகளில் பெண்களும் குழந்தைகளும் பதுங்கினார்கள். கட்டி முடித்து நானூறு ஆண்டுக்குப் பிறகு அந்த மதில் இன்னொரு முறை உயிர்காத்தது. இம்முறை காத்தது அதைக் கைப்பற்றியவர்களின் சந்ததியை.

ஆகஸ்ட் 14 அன்று துருக்கிப் படை மீண்டும் முன்னேறியது. வரோஷாவின் மக்கள் கிளம்பினார்கள். முப்பத்தொன்பதாயிரம் பேர் அளவில் இருந்த ஊர் அது. இரண்டொரு நாளில் திரும்பிவிடலாம் என்று எண்ணி, வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனவர்கள் பலர். துருக்கிப் படை வரோஷாவைச் சுற்றி வேலி போட்டது. தெற்கே லிமசோல், பாஃபோஸ் பக்கத்திலிருந்து துருக்கியர்களும் வீடு வாசலை விட்டு வடக்கே வந்தார்கள். அவர்களில் பலர் குடியேறியது இந்த ஃபமகுஸ்தாவில். ஒரே கோடையில் இரண்டு திசைகளிலும் புனிதரின் மண் தூவியது போலாயிற்று.

வேலிக்குள் வரோஷா செத்துக்கொண்டிருந்தபோது, மதிலுக்குள் பழைய ஊரும் தேய்ந்துகொண்டிருந்தது. உலகம் அங்கீகரிக்காத ஆட்சியின் கீழ் இருப்பதால், பன்னாட்டு அமைப்புகளின் உதவி எளிதில் வந்து சேராது. கோயில் சுவர்களின் ஓவியங்கள் மழையில் கரைந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 2008-இலும் 2010-இலும் தன் ஆபத்துப் பட்டியலில் இந்த ஊரைச் சேர்த்தது. இரு இனத்து வல்லுநர்களும் சேர்ந்து அமைத்த பண்பாட்டு மரபுக் குழு, ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு வேலையை எடுத்துச் செய்தது. ஒதெல்லோ கோபுரம் செப்பனிடப்பட்டு 2015-இல் திறந்தது. அரசியல் பேச்சுகள் எத்தனையோ முறை முறிந்தும், இந்தக் கற்களை ஒட்டவைக்கும் வேலையில் கிரேக்கரும் துருக்கியரும் ஒரே சாரத்தில் நின்றார்கள். இந்த ஊரின் அண்மைக் கால வரலாற்றில் இதைவிட மதிக்கத்தக்க காரியம் நடக்கவில்லை.

அதற்கு ஓராண்டு முன், 2014 ஏப்ரல் 18, புனித வெள்ளி. அரை நூற்றாண்டுக்கு மேல் வழிபாடே நடக்காதிருந்த ஒரு தேவாலயத்தில் விளக்கேற்ற அனுமதி கிடைத்தது. தீவை வடக்கு தெற்காகப் பிரிக்கும் எல்லைக் கோட்டைத் தாண்டி வயதானவர்களும், தாத்தா பாட்டியின் வாய்மொழியில் மட்டும் ஊரை அறிந்த பேரப்பிள்ளைகளும் பெருந்திரளாக வந்தார்கள். கோயிலுக்குள் இடம் போதவில்லை. கிறிஸ்துவின் பாடையைப் பூக்களால் அலங்கரித்துத் தோளில் சுமந்து, மதிலுக்குள் இருக்கும் தெருக்கள் வழியாக நடந்தார்கள். தெருவோரம் துருக்கிய இனத்தவர்கள் நின்று பார்த்தார்கள். அந்த ஊர்வலம் புறப்பட்ட கோயில் புனித ஜார்ஜ் எக்ஸோரினோஸ். இரவு எல்லாரும் மதிலைக் கடந்து, எல்லைக் கோட்டைக் கடந்து, தெற்கே திரும்பிப் போனார்கள்.

2020 அக்டோபர் 8 அன்று வரோஷாவின் ஒரு பகுதியைப் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். குடியிருந்தவர்களிடம் ஒப்படைக்காமல் இப்படித் திறந்தது குறித்து ஐ.நா. பாதுகாப்பு மன்றம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. புதிதாகத் தார் போட்ட சாலையில் நடக்கலாம், வாடகை மிதிவண்டியில் சுற்றலாம். கட்டிடங்களுக்குள் கால் வைக்கக் கூடாது. பால்கனியில் மரம் முளைத்து, சன்னல் சட்டம் தொங்கும் தன் வீட்டு வாசலில் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, மேல்மாடியில் எது யாருடைய அறை என்று பிள்ளைகளுக்குக் கைகாட்டிச் சொல்கிறவர்களை அங்கே பார்க்கலாம். மாலையில் நேரம் முடிந்ததும் காவலர்கள் எல்லாரையும் வெளியே வரச் சொல்லி வாசலைச் சாத்துகிறார்கள்.